மாணாக்கர் மனங்கொண்ட மகாவித்துவான்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை நம்மவருள் பலர், டாக்டர் உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் என்ற அளவிலேயே அறிவர். அப்புலவர் பெருமான் நம் பெங்களூருக்கு வந்து தங்கி, இங்கு வாழ்ந்த தமிழன்பர் ஒருவர்க்குப் பாடஞ்சொல்லிச் சென்றார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஈஜிபுராவில் வாழும் நாம் ஆண்டுதோறும் விழாவெடுத்துத் தமிழைக் கொண்டாடுகின்றோம். ஆனால் நம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்த்துவதற்குள் படும் பாட்டை நாமே அறிவோம். ஆதலின் மாணாக்கர் தேடிவந்து காத்துக் கிடந்த ஓர் ஆசிரியரின் வாழ்க்கையை இம்மலரில் எழுதுவது பொருந்தும் என்று கருதினோம்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், திரிசிரபுரத்தை அடுத்த எண்ணெயூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. தந்தையார் முன்பு மதுரை ஆலயத்தில் பணிபுரிந்தவர். அத்தலத்து இறைவன் திருப்பெயரையே மைந்தர்க்கு இட்டார். பின்னர் அவர் சிற்றூர்ச் சிறார்க்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ஆசிரியராய் வாழ்ந்தார். ஆகவே நம் புலவர்க்கு முதலாசிரியர் தந்தையாரே. பதினைந்து வயதளவில் அத்தந்தையார் மறைந்தார். குடும்பத்தில் செல்வம் இல்லை. இளைஞர் திரிசிரபுரத்துக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் தமிழ் கற்பது எத்துணை அரிது என்பதை இன்று நாம் நினைத்துப் பார்ப்பதும் எளிதன்று. அச்சிட்ட நூல்கள் சிலவே. ஏட்டுச் சுவடி எவரிடம் உள்ளதோ அவரை அடுத்தே கற்றல் வேண்டும். அவர் மனம் வைத்தால் உண்டு, வையாவிடின் இல்லை. சுவடியைக் கண்ணிற் காட்டவும் ஒருப்படாத புலவர் பலர் இருந்தனர். பிள்ளையவர்கள் திரிசிரபுரத்திலும் உறையூரிலும் இருந்த புலவர்களை ஒருவர் பின் ஒருவராக அடுத்துப் பாடங்கேட்டார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர், காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய பெரியோரிடம் தமக்கிருந்த ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

இவற்றுள் ஒரு நிகழ்ச்சி எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலைப் பாடஞ்சொல்லத் தக்கவர் திரிசிரபுரத்தில் எளிதில் அகப்படவில்லை. தெருத்தெருவாய்ச் சென்று அரிசி இரந்துண்ணும் பரதேசி ஒருவர் அந்நூலில் வல்லவர் என்று பிள்ளையவர்கள் அறிந்தார். அறிந்த நாள்முதல் அவரை விடவில்லை. அவர் பிச்சைக்குப் போகும் தெருக்களிலெல்லாம் உடன் சென்றார். அவர் விரும்பும் பொருள்களைத் தேடிக்கொடுத்தார். அவர் மனம் மகிழ்ந்திருக்கும் வேளை பார்த்து ஒவ்வொரு பகுதியாய்க் கேட்டறிந்தார். இளமையில் இப்படி வாயில்தோறும் நின்று கற்ற ஒருவர் பிற்காலத்தில் இருவகையில் மாறியிருக்கக்கூடும். தாம் பட்ட துன்பத்தைத் தம் மாணாக்கரும் படட்டும் என்று இருக்கலாம். அன்றி, இத்துன்பம் இனி ஒருவர்க்கும் வேண்டா என்று நினைக்கலாம். பிள்ளையவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார். தம்மிடம் இருந்த எந்த நூலையும் அவர் எந்த மாணாக்கர்க்கும் ஒளித்தவரல்லர்.

அவர் புகழ் பரவத் தொடங்கியபின், பெங்களூரில் வாழ்ந்த செல்வராகிய தேவராச பிள்ளை என்பார் அவரை இங்கு வரவழைத்தார். பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை வந்தது 1864ஆம் ஆண்டில். சோலையார்பேட்டையிலிருந்து முதல் வண்டி அவ்வாண்டில்தான் ஓடிற்று. பிள்ளையவர்கள் வந்தது அதற்கும் முற்பட்ட காலம். காவிரிக்கரையிலிருந்து இம்மேட்டு நிலத்துக்கு மாட்டு வண்டியிற் பயணம் செய்வதென்றால் எத்தனை பகல், எத்தனை இரவு என்று, நாள்தோறும் வண்டிகளின் வரவு செலவைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும் எம்மால் எண்ணாதிருக்க முடியவில்லை. தேவராச பிள்ளை அவரைத் தக்கவாறு உபசரித்து, அவரிடம் பல நூல்களைப் பாடங்கேட்டார். விடைகொடுக்கும்போது பொருளும் நிரம்ப வழங்கினார்.

இங்கு ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். குசேலோபாக்கியானம், சூதசங்கிதை என்னும் இரு நூல்கள் தேவராச பிள்ளையின் பெயரால் வெளிவந்தன. அவற்றை இயற்றியவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களே. தம்மை ஆதரித்த மாணாக்கரிடம் வைத்த அன்பினால் ஆசிரியர் தம் நூல்களை அவர் பெயரில் விளங்கவிட்டார். இதனை ஆசிரியரின் பெருந்தன்மை என்று போற்றுவோர் உளர். யாம் முழுதும் அவ்வாறு கொள்ள இயலவில்லை. ஆசிரியர்க்கு இஃது ஈகையாக இருக்கலாம். பெற்றுக்கொண்ட மாணாக்கர்க்கு இதனால் விளைந்த நன்மை என்ன? தாமே ஒரு பாடலை எழுதித் திருத்திக்கொள்ளும் பயனை அவர் இழந்தார் அல்லரோ! இன்று நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளைப் பெற்றோரே எழுதிக்கொடுக்கின்ற வழக்கமும் இதனோடு நினைவுக்கு வருகின்றது. ஆயினும் அக்காலப் புலவர் செல்வரைச் சார்ந்தே வாழ வேண்டியிருந்தது என்பதையும் உடன் எண்ணுதல் முறை.

1860ஆம் ஆண்டளவில் பிள்ளையவர்கள் மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் அவர்க்கு மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினார். அவரே ஆதீன வித்துவானும் ஆனார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும் பத்துப் பிள்ளைத்தமிழ்களும், அந்தாதி, கலம்பகம், கோவை முதலிய வேறு பல நூல்களும் பாடினார். ஏடெழுதுவோர் கை சோரும், பாடுவார் வாய் சோராது, அவ்வளவு விரைவு. இப்பாடல்களின் தரத்தை ஆராய்வது எம் தகுதிக்கு மேற்பட்டது. யாம் கூற வந்தது அவருடைய திண்ணையைப் பற்றி.

அத்திண்ணையில் யார் யார் அமர்ந்தனர் என்று பாருங்கள். சைவ வேளாளராகிய அவரிடம் செட்டிமாரும் பிராமணரும் முதலியாரும் கற்றனர். புதுவையைச் சேர்ந்த கிறித்தவராகிய சவரிராயலு நாயகர் கற்றார். நாகூர் குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் பெரும்புலவர் அவர் மாணாக்கர். மாயூரத்தில் முன்சீபாய் இருந்த வேதநாயகம் பிள்ளை, பிற்காலத்தில் 1879ஆம் ஆண்டு பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர், அவருடைய உற்ற நண்பர். அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை பாடினார். சைவத்தில் ஊறிய ஒருவர், திருநீறணிந்த நெற்றியுடன், யார் எந்தச் சமயத்தார் என்று நோக்காது ஏட்டை விரித்தார். நூறாண்டுக்கு மேலாகியும், ஒரே தெருவில் கோயிலும் மாதாகோயிலும் பள்ளிவாசலும் கண்டு வாழும் நம் போன்றோர்க்கு இச்செய்தி புதிதன்று, இனியதாகும்.

சாமிநாதையர் அவரிடம் வந்தது 1871ஆம் ஆண்டில், தம் பதினேழாம் பிராயத்தில். தந்தையார் வேங்கடசுப்பையர் மகனை அழைத்துக்கொண்டு மாயூரம் வந்தார். அந்நாளில் அம்மாணாக்கரின் பெயர் வேங்கடராமன். பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. பலர் வருகின்றனர், சில நாள் கற்கின்றனர், பின் ஏதோ ஒரு காரணம் சொல்லிப் போய்விடுகின்றனர் என்னும் வருத்தம் அவர்க்கு இருந்தது. உண்டி உறையுளுக்கு வழி செய்ய இயலாத தம் வறுமையும் அவரைத் தடுத்தது. பின் இளைஞரை நைடதத்திலிருந்து பாடல் சொல்லச் செய்து பொருளும் கேட்டார். கேட்டபின் மனம் இளகிற்று. உணவுச் செலவைத் தந்தையார் ஏற்றுக்கொள்ள, மாணாக்கர் சேர்க்கப்பெற்றார்.

சேர்ந்தும் உடனே ஆசிரியரிடம் நேரே பாடம் கிடைக்கவில்லை. சவேரிநாத பிள்ளை என்னும் மூத்த மாணாக்கரிடம் பயிலும்படி ஏற்பாடாயிற்று. அவர் கிறித்தவர்; ஆசிரியரைத் தந்தையெனக் கொண்டு உடனிருந்தவர். அவரிடம் குறையொன்றும் இல்லை. எனினும் பெருங்கடலை நாடி வந்தவர்க்குக் கால்வாயைக் காட்டினால் மனம் அமைதியுறுமா? இளைஞர் ஏங்கினார். ஆனால் வாய்திறந்து கேட்க அஞ்சினார்.

இங்கேதான் யாம் விரும்பிப் பன்முறை படித்த பகுதி வருகின்றது. பிள்ளையவர்கள் மாயூரத்தில் ஒரு வீடு வாங்கி, அதன் பின்புறத்தே தோட்டம் அமைத்திருந்தார். வளர்ந்த மரஞ்செடிகளை வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து அங்கே நடச்செய்தார். அவை பிழைக்குமோ பிழையாவோ என்னும் கவலை அவர்க்குப் பெரிது. நாள்தோறும் விடியலில் தோட்டத்துட் சென்று, எந்தச் செடியில் புதுத்தளிர் தோன்றியிருக்கின்றது என்று ஒவ்வொன்றாய் நோக்குவார். ஒரு தளிர் கண்டால் முகம் மலர்வார். இதனைச் சாமிநாதையர் கண்டுகொண்டார். மறுநாள் ஆசிரியர் எழுவதற்கு முன்னரே தாம் எழுந்து தோட்டத்தைச் சுற்றிவந்தார். எங்கெங்கே தளிர் விட்டிருக்கின்றது என்று பார்த்து வைத்தார். ஆசிரியர் வந்ததும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று காட்டினார். ஆசிரியர்க்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ! இவ்வாறு சில நாள் சென்றன. செடியைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்லப் பாடத்தைப் பற்றிய பேச்சாயிற்று. தமக்கு நேரே பாடம் வேண்டும் என்னும் விருப்பத்தை மாணாக்கர் துணிந்து தெரிவித்தார். ஆசிரியர் மறுக்கவில்லை. அன்று தொடங்கிய பாடம் ஐந்தாண்டுக் காலம், ஆசிரியரின் இறுதி மூச்சுவரை நடந்தது.

ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உறவு உண்டாக வேண்டும் என்று இக்காலத்தில் பயிற்சிக் கல்லூரிகளில் பல கூறுகின்றனர். மாணாக்கரை ஊக்கும் வழிகளை எல்லாம் ஆசிரியரே செய்தல் வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். மாயூரத்துத் தோட்டத்திலோ முதலடி வைத்தவர் மாணாக்கர். ஆசிரியர் செய்தது என்ன? தம் உள்ளத்துக்கு உகந்த ஒன்றை மறைக்காமல் வைத்திருந்தார். ஒரு சிறுவன் அதனுள் புகுந்து தம்மோடு மகிழ இடங்கொடுத்தார். புலமையும் பட்டமும் நரையும் சூழ்ந்த ஒருவரை அணுக இளைஞர்க்கு ஒரு சிறு வாயில் வேண்டும். அவ்வாயில் இலக்கணமாகவே இருக்க வேண்டுவதில்லை. ஒரு செடியாகவும் இருக்கலாம். நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் பாடம் நடத்தும் அன்பர்களிடம் யாம் இதனை முன்னரே கூறியிருக்கின்றோம். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் நம் சிறார்க்கு அகரவரிசையை மட்டும் காட்டி வா என்றால் அவர்கள் எவ்வாறு வருவர்? வந்தவரும் மழை நாளொன்றில் நின்றுவிடுகின்றனர்.

பெயரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. வேங்கடராமன் என்று அழைப்பதினும் வேறு பெயர் உண்டோ என்று ஆசிரியர் வினவினார். வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதுண்டு என்றார் மாணாக்கர். அன்றுமுதல் ஆசிரியர் அப்பெயரையே வழங்கினார். தாய்தந்தையர் வாயில் வழங்கும் பெயரை ஆசிரியரும் எடுத்துக்கொண்டதனால், அவ்வீட்டில் அவ்விளைஞர் அயலார் அல்லராயினார். தமிழுலகம் இன்று அறிந்திருப்பது அப்பெயரையே.

பிள்ளையவர்கள் பாடஞ்சொல்லும் முறை நீண்ட சொற்பொழிவன்று. மாணாக்கர் ஒருவர் ஏட்டைப் படிப்பார். கடினமான இடத்தில் மட்டும் ஆசிரியர் பொருள் கூறுவார். ஒத்த கருத்துள்ள பாடல்களை நினைவிலிருந்தே எடுத்துக்காட்டுவார். ஒரு நாளில் பல பாடல்கள் நடந்துவிடும். மாணாக்கர்க்குச் சலிப்பு உண்டாக இடமில்லை. நூல் முடிந்தது, அடுத்த நூல் தொடங்கிற்று என்னும் ஊக்கமே மிகும். அவர்களையும் பாடச்செய்து, பிழையிருப்பின் சினவாது திருத்துவார். எதிரே நின்று புகழ்வது அவர் இயல்பன்று. ஆசிரியர் நம்மைப் பற்றி யாது நினைக்கின்றாரோ என்று மாணாக்கர் கவலையுற்றதும் உண்டு. ஆயினும் தாம் புராணம் பாடும்போது ஏட்டையும் எழுத்தாணியையும் சாமிநாதையர் கையிற் கொடுத்து எழுதச் செய்தார். ஒரு நூல் உருவாகும் இடத்தில் அருகே அமர இடந்தருவதைவிட ஒரு மாணாக்கர்க்குப் பாராட்டு வேறு வேண்டுமோ!

வறுமை அவ்வீட்டை விட்டு அகலவில்லை. பொருள் வரும், வந்தவாறே போய்விடும். வருவோர்க்கெல்லாம் உணவு, கேட்போர்க்கெல்லாம் உதவி, இடையே கடன். ஒரு நாள் எண்ணெய் தேய்த்து முழுகுவதற்காகப் பிள்ளையவர்கள் அமர்ந்த வேளையில், வீட்டில் எண்ணெய் இல்லை என்பது தெரியவந்தது. அவர் முகத்தில் மாறுதல் இல்லை. மாணாக்கராகிய சாமிநாதையர் ஓசைப்படாமல் வெளியே ஓடித் தம் கையிலிருந்த காசுக்கு எண்ணெய் வாங்கிவந்து சேர்த்தார். இவ்வாறான நாள்களிலும் பாடம் நின்றதில்லை. பிள்ளையவர்களுக்குப் பொருளைப் பேணும் திறமை இருந்திருப்பின் மனைவியார் காவேரியாச்சியும் மைந்தர் சிதம்பரம் பிள்ளையும் இன்னலின்றி வாழ்ந்திருப்பர். இந்தக் குறையை அவர்தம் பெருமை பேசுவோர் கூறாது விடுவது நன்றன்று.

சாமிநாதையர்க்கு ஒருமுறை அம்மை கண்டது. ஆசிரியர் மிகவும் கலங்கித் தக்க ஏற்பாடு செய்து அவரை உறவினர் இல்லத்துக்கு அனுப்பினார். நலமடைந்து திரும்பியபின் மீண்டும் பாடம். திருவாவடுதுறை மடத்தில் அப்போதிருந்த தலைவர் சுப்பிரமணிய தேசிகர், இளந்தம்பிரான்களுக்குப் பாடஞ்சொல்லும்படி பிள்ளையவர்களைக் கேட்டுக்கொண்டார். அவ்வகுப்பில் ஏடு படிக்கும் பொறுப்புச் சாமிநாதையர்க்குக் கிடைத்தது. பெரிய நூல்கள் பலவற்றை அவர் கேட்டது அங்கேயே.

ஒன்றை ஆராய்ந்து கூறுதல் வேண்டும். சாமிநாதையர்க்குப் புகழ் தந்த சங்க நூல்களையும் சிந்தாமணியையும் பிள்ளையவர்கள் அவர்க்குப் பாடஞ்சொன்னவர் அல்லர். புராணங்களும் பிரபந்தங்களுமே அக்காலப் புலவர் உலகம். 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீபு சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அந்நூல் சாமிநாதையர்க்குப் புதிதாக இருந்தது. 1887ஆம் ஆண்டு அதனைப் பதிப்பித்துவிட்டார். கற்பிக்காத நூலையும் தாமே முயன்று அறியும் ஆற்றலை ஆசிரியர் தந்து சென்றார் என்பதற்கு இந்த ஏழாண்டே சான்று.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் காலமானார். இறுதி வேளையில் அவரைத் தம் மார்பின்மீது சாய்த்துக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகே இருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர். கிறித்தவர் ஒருவர் தாங்க, பிராமணர் ஒருவர் ஓத, சைவப் பெரும்புலவர் ஒருவர் கண்மூடினார். இதற்கு மேல் எழுத எமக்குச் சொல் வரவில்லை.

ஆசிரியர் மறைந்தபின்னும் அத்திண்ணையின் உறவு அறவில்லை. சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரை மடத்திலேயே வைத்துக்கொண்டு பாடஞ்சொன்னார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த தியாகராச செட்டியார், பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கர். எவர்க்கும் அஞ்சாத நாவினர். அவர் 1880ஆம் ஆண்டில் தம் பதவியினின்று விலகும்போது, அவ்விடத்துக்குத் தம் உடன்மாணாக்கர் சாமிநாதையரையே கொண்டுவரப் பாடுபட்டு வெற்றி கண்டார். ஓர் அலுவலகத்தில் காலியான இடத்துக்கு எத்தனை பேர் எத்தனை வகையாக முயல்வர் என்பதை அறிந்தோர்க்கே அச்செயலின் அருமை புலப்படும். சாமிநாதையர் அந்நன்றியை மறவாது, பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார்.

ஆசிரியர்க்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று அவர்க்கு எஞ்சியிருந்தது. தம் நினைவிலிருந்தும், பழைய கடிதங்களிலிருந்தும், ஆசிரியரை அறிந்த முதியோர் பலரைக் கேட்டும் செய்திகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார். பிள்ளையவர்கள் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1933ஆம் ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலுமாக அவருடைய சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். அப்போது மாணாக்கர்க்கு வயது எழுபத்தெட்டைக் கடந்திருந்தது. பெங்களூர்த் தேவராச பிள்ளையைப் பற்றியும், அவர் பெயரில் விளங்கும் நூல்களைப் பாடியவர் யார் என்பதையும் நாம் தெரிந்துகொள்வது அவ்வாறு திரட்டிவைத்த செய்திகளாலேயாம்.